ஹோம் ஃபர்னிஷிங் கடையில் வேலை எப்படி இருக்கும்? 11 வருஷம் நின்றவனின் பதில்

தம்பி கேட்டிருப்பது இதுதான்: பி.காம் முடித்தாயிற்று, கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஹோம் ஃபர்னிஷிங் கடையில் சேல்ஸ் வேலை வந்திருக்கிறது, மாதம் 14,000 ரூபாயும் மேலே இன்சென்டிவும் தருவதாகச் சொல்கிறார்கள், ஸ்கிரீன் துணியும் பெட்ஷீட்டும் விற்பதில் என்ன பெரிய கஷ்டம் இருக்கப் போகிறது, அப்படியே வங்கித் தேர்வுக்கும் படித்துக்கொள்ளலாமா?

நான் இதே ஊரில் இதே தொழிலில் 11 வருஷம் கடைக்குள் நின்றவன். முதல் 3 வருஷம் பெட்ஷீட் செக்‌ஷன், அப்புறம் 6 வருஷம் ஸ்கிரீன், கடைசி 2 வருஷம் கொள்முதல். இப்போது சொந்தமாக வீடு வீடாகப் போய் அளவெடுத்து, தைத்து, மாட்டிக் கொடுக்கிறேன். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசமும் இருக்கும், கொஞ்சம் கடுப்பும் இருக்கும், இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

துணிக்கடை வேலை மாதிரி என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. சேலைக் கடையில் விரித்துக் காட்டி, பிடித்திருந்தால் பில் போட்டு அனுப்பிவிடலாம், சேலை யாருக்கும் பொருந்தாமல் போகாது. நம் கடையில் விற்கிற ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிற இன்னொன்றின் மேல் போய் உட்கார வேண்டும். கட்டில் மேல் மெத்தை, மெத்தை மேல் விரிப்பு, ஜன்னலில் ஸ்கிரீன், சோபாவில் கவர். இரண்டு அங்குலம் தப்பினால் மறுநாள் காலையில் அது கடை வாசலில் நிற்கும், கூடவே ஒரு கோபமான குடும்பமும் நிற்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "டபுள் காட்டுக்கு பெட்ஷீட் குடுங்க" என்று ஒருவர் வருவார். எந்த டபுள் காட்? கம்பெனிக் கட்டில் என்றால் 5 அடி அகலம் அல்லது 6 அடி அகலம். மாமனார் வீட்டில் ஆசாரி வைத்துச் செய்த தேக்குக் கட்டில் என்றால் நாலரை அடியாகவும் இருக்கும், நாலே முக்காலாகவும் இருக்கும். மெத்தை நீளத்தில் மட்டும் 72, 75, 78 அங்குலம் என்று மூன்று வகை ஓடுகிறது. உயரம் 4 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் வரை. சாதாரண விரிப்பு என்றால் 90க்கு 100 கொடுத்து ஒப்பேற்றலாம், 6 அடிக் கட்டிலில் கனமான மெத்தை என்றால் 108க்கு 108 வேண்டும், எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் ஒப்பேற்றவே முடியாது. இதில் இன்னொரு கூத்து, நம் ஊரில் பாதிப் பேர் பெட்ஷீட் என்று கேட்பது போர்வையை. விரிப்பதற்கா, போர்த்துவதற்கா என்று கேட்காமல் நீங்கள் இருபது விரிப்பை விரித்துப் போட்ட பிறகு, "இல்லீங்க தம்பி, போத்திக்கிறதுக்கு" என்பார்கள். அந்த இருபதையும் மடிக்கப் போவது நீங்கள்தான்.

மடிப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் முதல் ஆறு மாதம் உங்கள் வேலையில் பெரும்பகுதி அதுதான். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூப் போட்டு, சாம்பிராணி காட்டி முடிந்ததும் தூசி தட்டுவது. பஞ்சுத் தூசி சும்மா இருக்காது, எனக்கு இரண்டாவது வருஷத்திலேயே தும்மல் பிடித்தது, இன்றைக்கும் துணி மூட்டையைப் பிரித்தால் வரும். அப்புறம் ஸ்டாக் அடுக்குவது. சோபாத் துணி ரோல் ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது, அதைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறுவது "சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ்" வேலையில் சேர்த்தி. பதினொரு மணிக்கு டீ, ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஆள் மாற்றி ஆள் சாப்பாடு, நாலரைக்கு மறுபடி டீ. ஆறு மணிக்கு மேல்தான் நிஜமான வியாபாரம், கடை சாத்த ஒன்பதரை ஆகும், கணக்கு முடித்து வெளியே வரும்போது பத்து. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பதால் வார விடுமுறை செவ்வாய், புதன் என்று எதாவது ஒரு நாள் வரும். தெரிந்தவர் கல்யாணம், நண்பர்கள் கூடுவது எல்லாமே ஞாயிறுதானே, மெல்ல மெல்ல உங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் சம்பளத்தை விட இதுதான் அதிகம் பேரை வேலையை விட்டுப் போக வைத்தது.

அப்புறம் கால். நாள் முழுக்க நிற்க வேண்டும். நாலைந்து வருஷம் ஆன சீனியர்கள் வேட்டியை மடித்துக் கட்டும்போது பாருங்கள், கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டிருக்கும். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல வருஷம் போராடினார்கள், 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும், வேலை இல்லாத நேரத்தில் உட்கார விட வேண்டும் என்று. அதற்குப் பிறகு நான் இருந்த கடையில் ஸ்டூல் வந்தது உண்மை. அதில் பெட்ஷீட் பாக்கெட் அடுக்கி வைத்திருந்ததும் உண்மை. நேர்காணலுக்குப் போகும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள், அந்தக் கடையைப் பற்றி அதற்கு மேல் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை.

இனி வாடிக்கையாளர். நல்லவர்கள்தான், பொதுவாக. துணிமணி வாங்க வருகிறவர்களைவிட இங்கே வருகிறவர்கள் சந்தோஷமாக வருவார்கள், வீடு கட்டி முடித்திருப்பார்கள், அல்லது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கும். ஆனால் பணம் எல்லாம் டைல்ஸிலும் மாடுலர் கிச்சனிலும் தீர்ந்துபோய், கடைசியில் மிச்சமிருக்கிற கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வருவார்கள். அதனால்தான் 40 லட்சத்தில் வீடு கட்டியவர் மீட்டருக்கு 30 ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசுவார். கோபப்படாதீர்கள், அவர் நிஜமாகவே காலி.

கலர் விஷயத்தில் நம் மக்களுக்கு ஒரே கொள்கை, "அழுக்குத் தெரியாத கலரா எடுங்க." மனைவி கிரீம் கலரைக் கையில் வைத்துக்கொண்டு ஆசையாகப் பார்ப்பார், கணவர் மெரூனைக் காட்டுவார், மாமியார் பிரவுனைச் சொல்வார், கடைசியில் பிரவுன் போகும். கறுப்பைப் புது வீட்டுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். குறுக்கே புகுந்து யோசனை சொல்லாதீர்கள், யார் முடிவு செய்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள், பணம் கொடுப்பவர் முடிவு செய்வதில்லை. ஒரு விஷயம் மட்டும் செய்யுங்கள். கடைக்குள் எரிகிற விளக்கில் துணி வேறு நிறமாகத் தெரியும், சாம்பல் என்று எடுத்தது வீட்டில் லேசான பச்சையாகத் தெரியும். எடுப்பதற்கு முன் ரோலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும். அப்படிக் காட்டி விற்ற துணி எனக்குத் திரும்பி வந்ததே இல்லை.

சீசன் என்று எடுத்தால் தீபாவளி, பொங்கல் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஸ்கிரீன் மேசைக்கு, அதாவது ஜன்னல் அளவுக்குக் கணக்குப் போட்டு ஸ்கிரீன் துணி வெட்டுகிற இடத்துக்கு, நிஜமான காலண்டர் கிரகப்பிரவேச முகூர்த்தம்தான். தை, சித்திரை, வைகாசி, ஆவணி மாதங்களில் சாப்பிட நேரம் இருக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் புது வீடு போக மாட்டார்கள், மேசை காலியாகக் கிடக்கும், ஆடியில் தள்ளுபடி போட்டுப் பழைய சரக்கைத் தள்ளுவார்கள். இன்சென்டிவ் பற்றிப் பேசும்போது வைகாசிக் கணக்கைக் காட்டித்தான் சொல்வார்கள், நீங்கள் புரட்டாசிக் கணக்கைக் கேளுங்கள்.

இன்சென்டிவ் எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற சரக்குக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது, அது தானாகவே போகும். இரண்டு வருஷமாக அலமாரியில் தூங்குகிற டெட் ஸ்டாக்கை விற்றால்தான் நல்ல காசு. அதாவது எதை வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்கிறாரோ அதை அவர் தலையில் கட்டுவதற்குத்தான் உங்களுக்குப் பரிசு. நானும் கட்டியிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன், அப்படிக் கட்டிவிட்ட குடும்பம் எதுவும் இரண்டாவது தடவை என்னைத் தேடி வரவில்லை. இந்தத் தொழிலில் ஒரு வீட்டுக்கு ஒரு தடவை ஸ்கிரீன் போட்டால் ஐந்தாறு வருஷத்துக்கு மறுபடி வர மாட்டார்கள், ஆனால் அந்த வீட்டைப் பார்த்த அவர்கள் அக்காவும் எதிர்வீட்டுக்காரரும் வருவார்கள். இன்று நான் பிழைப்பது அந்த அக்காக்களால்தான்.

சரக்கு அறிவுக்கு வருகிறேன். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள், காது கொடுத்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நம் பக்கம் வீட்டு ஜவுளிக்குக் கொடுத்து வைத்த பக்கம். கரூரில் நெய்து தைக்கிற விரிப்பும் கிச்சன் துணியும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறுகிறது, சென்னிமலையில் போர்வை, பவானியில் ஜமுக்காளம், ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடக்கிற ஜவுளிச் சந்தை. கொள்முதலில் இருந்தபோது அந்தச் சந்தையில் விடிய விடிய சுற்றியது எனக்குப் பிடித்த வேலை. வெளியூர்ச் சரக்கில் பாலியெஸ்டர் ஸ்கிரீன் துணி சூரத்திலிருந்து வரும், கம்பளி பானிப்பட்டிலிருந்து, சாதர் என்கிற கனமான போர்வை சோலாப்பூரிலிருந்து. கம்பளியைத் தூக்கிக் காட்டி இது உல்லனா என்று கேட்பார்கள், பானிப்பட் மலிவுக் கம்பளியில் பெரும்பாலும் பழைய துணியைக் கிழித்து மறுபடி நூற்ற நூலும் செயற்கை நூலும்தான், தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். காட்டனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு நூல் உருவித் தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை, மிஞ்சுவது சாம்பல். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கட்டி நிற்கும். கலப்பு என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு பெரியவர் முன்னால் இதைச் செய்து காட்டினேன், அவர் மொத்த வீட்டுக்கும் என்னிடமே எடுத்தார்.

மெத்தை விற்பது தனிக் கலை. எல்லாரும் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள். ஃபோமில் பார்க்க வேண்டியது டென்சிட்டி. 32 டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் ஃபோம் 32 கிலோ எடை என்று அர்த்தம், அதற்கும் மென்மைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, எத்தனை வருஷம் குழி விழாமல் இருக்கும் என்பதற்குத்தான் தொடர்பு. வயதானவர்கள் இலவம்பஞ்சு கேட்பார்கள், போடிப் பக்கத்திலிருந்து வருகிற பஞ்சு நல்ல பஞ்சு, ஆனால் வெயிலில் காய வைக்க மொட்டை மாடி இல்லாத அபார்ட்மெண்ட்காரருக்கு அதை விற்றால் ஒரு வருஷத்தில் கட்டி தட்டிப்போய் உங்களைத் திட்டுவார். சீர்வரிசைக்கு மெத்தை எடுக்க வருகிற பெண் வீட்டுக்காரர்கள் மட்டும் வேறு மாதிரி. அவர்களுக்கு டென்சிட்டி எல்லாம் வேண்டாம், உயரமாக இருக்க வேண்டும், மண்டபத்தில் பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும். அந்த அப்பாக்களிடம் மட்டும் நான் விலை கூடின பொருளைக் காட்டியதில்லை. அது என் பலவீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன் மேசை. சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் எப்படியாவது அங்கே மாற்றல் வாங்குங்கள், அழுது வாங்கினாலும் தப்பில்லை. கடையில் கைத்தொழில் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் எடுத்துக் கொடுப்பதும் மடித்து வைப்பதும்தான்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன், பிடித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 6 அடி அகல ஜன்னல். ராடு இரண்டு பக்கமும் 6 அங்குலம் வெளியே போகும், ஆக 84 அங்குலம். துணியின் பன்னா, அதாவது அகலம், 48 அங்குலம், ஓரம் மடித்துத் தைத்துச் சுருக்கம் விழுந்து தொங்கும்போது ஒரு பேனல், அதாவது ஒரு தொங்கல், 22 அங்குலம்தான் மறைக்கும். 84ஐ 22ஆல் வகுத்தால் மூன்றே முக்காலுக்கு மேல், அதாவது 4 பேனல். ராடிலிருந்து கீழே வரை 66 அங்குலம், மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து 12 கூட்டினால் 78, கிட்டத்தட்ட 2 மீட்டர். நாலுக்கும் 8 மீட்டர். இவ்வளவுதான் என்று நினைத்து 8 மீட்டர் வெட்டினால் செத்தீர்கள். துணியில் பெரிய பூ டிசைன் இருந்தால் அந்தப் பூ எத்தனை அங்குலத்துக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். 25 அங்குலத்துக்கு ஒரு தடவை என்று வையுங்கள். நாலு பேனலிலும் பூ ஒரே உயரத்தில் வர வேண்டுமானால் ஒவ்வொரு பேனலையும் 25இன் மடங்கில்தான் வெட்ட முடியும், 78க்கு மேல் அடுத்த மடங்கு 100. நாலுக்கு 400 அங்குலம், 10 மீட்டருக்கு மேல். மீட்டர் 400 ரூபாய் என்றால் ஒரே ஜன்னலில் 800 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் விவரமானவர், பில் போட்ட பிறகு சொன்னால் ஏமாற்றுக்காரர்.

இப்படி நுணுக்கம் நிறைய. ரிங் வைத்த ஸ்கிரீனில் ரிங் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும், ஒற்றைப்படை என்றால் ஒரு ஓரம் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே மாட்டுகிற, மேலே சுருட்டிக்கொள்கிற ரோலர் பிளைண்டுக்கு மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அகலம் எடுத்து அதில் சின்னதை எழுத வேண்டும், கொத்தனார் எந்த ஜன்னலையும் சதுரமாகக் கட்டுவதில்லை. டெய்லர் தோளில் போட்டிருக்கிற துணி டேப்பால் ஜன்னலை அளக்கக் கூடாது, அது நாளாக நாளாக இழுபடும், ஸ்டீல் டேப் வேண்டும். ஒரே கலர்தான் என்றாலும் இரண்டு ரோலைக் கலந்து ஒரு அறைக்கு வெட்டக் கூடாது, சாயத் தொட்டி மாறியிருந்தால் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது தெரிந்துவிடும். வால்பேப்பரில் ஒரு சாதாரண ரோல் 57 சதுர அடி என்று போட்டிருக்கும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் கடைசிச் சுவரில் பாதியில் நிற்பீர்கள், வெட்டுச் சேதாரம் கழித்து 50 என்று வையுங்கள்.

இதையெல்லாம் கற்க நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் மேசைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு வில்லாவில் ஹாலுக்கு அளவெடுத்தேன். ராடு சட்டத்துக்கு மேலே 4 அங்குலத்தில் என்று மனசில் வைத்துக்கொண்டு தரை வரை அளந்து எழுதினேன். 26 மீட்டர் வெட்டித் தைத்தாயிற்று. மாட்டுகிற அன்றைக்கு வீட்டம்மா ஃபிட்டரிடம், சீலிங்குக்குப் பக்கத்தில் மேலே ஏற்றி மாட்டச் சொல்லியிருக்கிறார்கள், படத்தில் அப்படிப் பார்த்தார்களாம். ஃபிட்டர் தம்பி கேள்வி கேட்காமல் ஏற்றி மாட்டிவிட்டார். ஸ்கிரீன் தரையிலிருந்து 5 அங்குலம் மேலே நின்றது, மழைத்தண்ணீருக்குப் பேண்டைத் தூக்கிக்கொண்ட மாதிரி. ராடை இறக்கலாம் என்றால் துளை போட்ட சுவர், புது பெயிண்ட். நீளமான ஸ்கிரீனைக் குறைக்கலாம், குட்டையானதை நீட்ட வழியில்லை. மீட்டர் 450 வீதம் 11,700 ரூபாயை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். வீட்டம்மா மேலும் தப்பில்லை, ஃபிட்டர் மேலும் தப்பில்லை, ராடு எங்கே வரும் என்று நான் எழுதவில்லை. அன்றிலிருந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அதைப் போட்டோ எடுத்து, அளவுச் சீட்டில் வீட்டுக்காரர் கையெழுத்து வாங்காமல் ஒரு சென்டிமீட்டர்கூட வெட்டுவதில்லை. சீலிங் பக்கத்தில் வேண்டுமா என்று நானே முதலில் கேட்டுவிடுவேன். மாட்டுகிற அன்று ஃபிட்டருக்கும் அந்தச் சீட்டின் நகல் போகும். டைல்ஸ் ஒட்டாத வீட்டில் தரை அளவு எடுப்பதும் இல்லை, டைல்ஸ் வந்தால் தரை ஏறிவிடும், எவ்வளவு ஏறும் என்று மேஸ்திரி சொல்வதை நம்ப முடியாது.

சம்பளத்துக்கு வருவோம். 14,000க்கும் முழுசாகப் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம் 1,680, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 105, கைக்கு வருவது 12,215. பிடிக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், பிடிக்காத கடைக்குத்தான் பயப்பட வேண்டும். இஎஸ்ஐ அட்டை இருந்தால் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் அப்பா அம்மா உங்களை நம்பி இருக்கிறவர்கள் என்றால் அவர்களுக்கும் பார்க்கலாம், என் அம்மாவுக்கு நான் பார்த்திருக்கிறேன். குடும்ப முதலாளி நடத்துகிற கடையில் சம்பளச் சீட்டு இருக்காது, ஆனால் அவசரத்துக்கு 20,000 முன்பணம் கேட்டால் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுப்பார், பின்னால் அதையே சொல்லிச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் மாலையும் வாங்குவார். பல ஊரில் கிளை வைத்திருக்கிற செயின் கடையில் எல்லாம் கணக்காக இருக்கும், எட்டரை அல்லது ஒன்பது மணி நேர ஷிஃப்ட், சீருடை, மாத டார்கெட், வாடிக்கையாளர் மாதிரி நடித்துச் சோதிக்க ஆள் அனுப்புவது எல்லாம் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் ஸ்கிரீன் தைப்பதையும் அளப்பதையும் வெளியே கான்ட்ராக்ட் விட்டுவிடுவார்கள், பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பதோடு உங்கள் படிப்பு நின்றுவிடும். என்னைக் கேட்டால் தொழில் கற்கக் குடும்பக் கடை, உடம்புக்குச் செயின் கடை.

ஆன்லைனால் கடை மூடிவிடுவார்களா என்று பயம் இருக்கும். ரெடிமேட் பெட்ஷீட்டிலும் தலகாணி உறையிலும் அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது, கண் முன்னாலேயே போட்டோ எடுத்து விலை பார்த்துவிட்டு "யோசிச்சுட்டு வர்றோம்" என்பார்கள். வர மாட்டார்கள். ஆனால் ஜன்னலை யாராவது நேரில் வந்து அளந்துதானே ஆக வேண்டும். இன்றைக்குக் கோயம்புத்தூரில் நல்ல அளவு ஆளுக்கும் நல்ல ஃபிட்டருக்கும் கடைகள் அடித்துக்கொள்கின்றன. சுவருக்குள் கரண்ட் ஒயர் எங்கே ஓடுகிறது என்று சுவிட்ச் போர்டைப் பார்த்தே ஊகித்து ட்ரில் பிடிக்கிற ஃபிட்டருக்கு வைகாசியில் ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது.

கடைசியாக வங்கித் தேர்வு. இதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை தம்பி. குடும்பக் கடையில் சேர்ந்தால் படிக்க முடியாது, இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் புத்தகம் நெஞ்சின் மேல் கிடக்கும். என்னோடு சேர்ந்த மூன்று பேர் படிப்பதாகச் சொன்னார்கள், ஒருவர்தான் தேர்ச்சி பெற்றார், அவரும் ஆடி மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படித்துத்தான். தேர்வுதான் முக்கியம் என்றால் செயின் கடையில் காலை ஷிஃப்ட் மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சேர வேண்டாம். தேர்வு சும்மா வீட்டுக்குச் சொல்கிற பதில்தான் என்றால், தைக்கு முன்னால் சேருங்கள், கூட்டம் வருகிற மாதத்தில் ஆள் பற்றாமல் ஸ்கிரீன் மேசைக்கு உங்களையும் இழுப்பார்கள். 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கடை டேப் முனை எல்லாம் வளைந்திருக்கும். செருப்பு அரை சைஸ் பெரிதாக எடுங்கள், சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும்.